கோபம் சரி, முகவரிதான் தவறு

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வார இறுதி. என் தம்பி அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியம் அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வழக்கம்போல் விளையாடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தால், மும்முரமாக ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான். 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டைப் பரிந்துரைக்கவில்லை என்று 'ஸ்டீம்' தளத்தில் விமர்சனம் எழுதுகிறானாம். அதே விளையாட்டை அதற்குள் நூறு மணி நேரத்துக்குமேல் விளையாடியிருந்தான்.

"பிடிச்ச விளையாட்டுக்கு ஏன்டா கெட்ட பேரு வாங்கித் தர்ற?"

"எனக்காக இல்லக்கா. எங்க டீம்ல மணிலாக்காரன் ஒருத்தன் இருக்கான்ல, அவனுக்காக."

நடந்தது இதுதான். சுவீடனைச் சேர்ந்த 'ஏரோஹெட்' நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட விளையாட்டு அது. பிப்ரவரியில் வெளிவந்து உலகெங்கும் சக்கைப்போடு போட்டது. மே 3ஆம் தேதி சோனி ஓர் அறிவிப்பு விடுத்தது: கணினியில் விளையாடுவோர் அனைவரும் தங்கள் கணக்கை 'பிளேஸ்டேஷன் நெட்வொர்க்' கணக்குடன் இணைக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அது இரண்டு நிமிட வேலை. ஆனால் பிலிப்பீன்ஸ், வியட்னாம், எஸ்டோனியா போன்ற பல நாடுகளில் அப்போது அந்தச் சேவையே இருக்கவில்லை. வேறு நாட்டு முகவரியைத் தந்து கணக்குத் திறக்கலாம். ஆனால் அது சோனியின் விதிமுறைக்கு எதிரானது. காசு கொடுத்து வாங்கிய மணிலாக்காரருக்கு ஜூன் மாதத்தில் கதவு மூடப்படும் நிலை.

அந்த வார இறுதியில் 200,000க்கும் அதிகமான எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் வட்டாரங்களிலும் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. திங்கட்கிழமை சோனி பின்வாங்கியது. தம்பியும் அவனைப் போன்ற பலரும் தங்கள் விமர்சனத்தை 'பரிந்துரைக்கிறேன்' என்று மாற்றினார்கள். (அந்த நாடுகளில் விற்பனைத் தடை உடனே நீங்கிவிடவில்லை என்பது வேறு கதை.)

ரசிகர்கள் கோபப்பட்டது நியாயமா? இந்த விவகாரத்தில் பெரும்பாலும் நியாயம் என்றே சொல்வேன். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கணக்கை இணைக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்திலிருந்தே விற்பனைப் பக்கத்தில் இருந்தது. தொழில்நுட்பக் கோளாறுகளால் அதைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்திருந்தார்கள். வெளியீட்டுக்கு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன்பே தமக்கு இது தெரியும் என்று ஏரோஹெட் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆகவே 'எங்களுக்குச் சொல்லவே இல்லை' என்ற முழக்கம் முழு உண்மையன்று.

ஆனால் இப்படி நினைத்துப் பாருங்கள். தேக்காவில் ஒரு கடைக்காரர் உங்களுக்குச் சோற்றுப் பானை விற்கிறார். மூன்று மாதம் கழித்து வந்து, இனிமேல் இந்த நாட்டில் கிடைக்காத ஒரு மின்செருகியைப் பொருத்தினால்தான் பானை வேலை செய்யும் என்கிறார். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறோமே என்றும் சொல்கிறார். நீங்கள் அதைப் படிக்காதது உங்கள் தவறுதான். அந்தச் செருகி இங்கே கிடைக்காது என்று தெரிந்தே விற்றது யார் தவறு? சோனியிடம் தகவலை ஒப்படைக்கப் பலர் தயங்கியதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டில் அதே பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்து 77 மில்லியன் கணக்குகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன.

'விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா?'

பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று இப்போது 90 வெள்ளியைத் தாண்டுகிறது. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய எந்தப் பொருளாக இருந்தாலும் குறையிருந்தால் நம் அம்மா அப்பாவும் கடைக்காரரிடம் போய் நிற்கத்தானே செய்வார்கள்?

2017 நவம்பரில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' நினைவிருக்கிறதா? முழு விலை கொடுத்து வாங்கினாலும், டார்த் வேடராக விளையாட 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குச் சுமார் 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ரசிகர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத 'லூட் பாக்ஸ்' பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கி, அதிர்ஷ்டத்தை நம்பி முன்னேறலாம். நம் பெற்றோர் காலத்து மாமா கடைகளில் இருந்த 'திக்காம் திக்காம்' போலத்தான். ஒரே வேறுபாடு, திக்காம் திக்காம் விளையாடக் கடைக்குள் நுழையும்போதே 80 வெள்ளி நுழைவுக்கட்டணம் யாரும் கேட்டதில்லை.

பாடுபட்டு அடைந்தால்தான் பெருமிதம் கிடைக்கும் என்ற பாணியில் இஏ நிறுவனம் 'ரெடிட்' தளத்தில் விளக்கமளித்தது. அந்தப் பதிவுக்கு 660,000க்கும் அதிகமான எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன. பிறகு அது கின்னஸ் சாதனையாகவே பதிவானது. விளையாட்டு வெளியாவதற்கு முதல் நாள், காசு கொடுத்து வாங்கும் வசதி முழுவதையும் நிறுவனம் நிறுத்திவைத்தது.

கதை அங்கே முடியவில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம், காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. 'ஃபிஃபா 18', 'ஓவர்வாட்ச்' போன்றவை அதில் சிக்கின. பேட்டில்ஃபிரன்ட் 2 தப்பித்தது. அந்த வசதியை ஏற்கெனவே நீக்கியிருந்ததே காரணம். வயதில் இளையவர்களைச் சூதாட்டத்துக்குப் பழக்குகிறது என்று ரசிகர்கள் கத்தியபோது சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஓர் அரசாங்க அமைப்பு அதையே சட்ட மொழியில் சொன்னபோது சிரிப்பு அடங்கியது.

ஒரே விளையாட்டு, இரண்டு கோபம்

இதுவரை ரசிகர்கள் பக்கமே பேசிவிட்டேன். இனி 'சைபர்பங்க் 2077' பக்கம் வருவோம். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மிக அதிகம் கற்றுத்தரும் கதை இதுதான்.

போலந்தின் 'சிடி புரொஜெக்ட் ரெட்' நிறுவனம் அதன் வெளியீட்டைப் பலமுறை ஒத்திவைத்தது. 2020 அக்டோபரில், நவம்பர் 19 என்ற தேதி டிசம்பர் 10க்குத் தள்ளப்பட்டது. மூன்றே வாரம். அதற்காக அங்கே பணிபுரிந்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. நாங்களும் மனிதர்கள்தான் என்று மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் சமூக ஊடகத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்த ஊழியர்கள் அப்போது வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்துகொண்டிருந்தனர். கட்டாயக் கூடுதல் வேலை இருக்காது என்று நிர்வாகம் அதற்கு முந்தைய ஆண்டு வாக்களித்திருந்தது.

டிசம்பர் 10 வந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றில் விளையாட்டு உறைந்து நின்றது, திடீரென நின்றுபோனது, முகங்கள் தோன்றுவதற்கே நேரமெடுத்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டவை கணினிப் பதிப்புகள் மட்டுமே. முன்பதிவு செய்தவர்கள் 8 மில்லியன் பேர். அவர்களில் பழைய சாதனங்களை வைத்திருந்தோருக்கு வாங்கிப் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. விளையாட்டு கடைக்குத் திரும்ப 2021 ஜூன் ஆனது.

இரண்டு மாத இடைவெளியில் ஒரே விளையாட்டின்மீது எழுந்த இரண்டு கோபங்கள் இவை. டிசம்பர் கோபம் முற்றிலும் நியாயமானது. குறையை மறைத்து விற்றார்கள். அக்டோபர் கோபம் யார்மீது பாய்ந்தது? இன்னும் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்ட அதே ஊழியர்கள்மீது. அவசரப்பட்டு வெளியிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். வெளியீட்டுத் தேதியை முடிவு செய்தவர்களோ சமூக ஊடகத்தில் ரசிகர்களுடன் பேசிக்கொண்டிருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தவர் அடி வாங்கினார்.

இது திரும்பத் திரும்ப நடக்கிறது. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளிவந்தது. அதில் ஒரு கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கு, அவருடைய குழந்தையைக்கூட விட்டுவைக்காமல் மிரட்டல்கள் வந்தன. கதையை எழுதியவர் அவரல்லர். முடிக்க ஏறத்தாழ ஒரு முழுநாள் பிடிக்கும் அந்த விளையாட்டுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே 'மெட்டாகிரிட்டிக்' தளத்தில் பூஜ்யம் பூஜ்யமாக மதிப்பெண்கள் குவிந்தன. விளையாடாமலேயே போட்டவை. அதன்பின் பயனர் விமர்சனங்களுக்கு 36 மணி நேரக் காத்திருப்பைத் தளம் கட்டாயமாக்கியது.

2014ஆம் ஆண்டின் 'கேமர்கேட்' இன்னும் மோசம். விளையாட்டுச் செய்தித்துறையில் நெறி வேண்டும் என்ற பெயரில் அது கிளம்பியது. காதல் உறவுக்காக ஒரு செய்தியாளர் நல்ல விமர்சனம் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. அப்படியொரு விமர்சனம் எழுதப்படவே இல்லை. இல்லாத ஒன்றின்மீது எழுந்த கோபம், பெண்களை வீட்டைவிட்டு ஓடவைக்கும் அளவுக்கு வளர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விமர்சகர் அனிதா சர்க்கீசியன் பேசவிருந்த கூட்டத்துக்குத் துப்பாக்கிச்சூட்டு மிரட்டல் வந்து, அவர் உரையை ரத்து செய்தார். இதை 'ரசிகர்களின் ஆவேசம்' என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

பொறுமையான கோபமும் உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி குரூ' என்ற கார்ப்பந்தய விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31ஆம் தேதி அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக விளையாடுவதற்கும் வழியில்லாமல் போனது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கப்பட்ட மனுவில் 2025 ஜூலைக்குள் ஒரு மில்லியனுக்கும் அதிகமான கையெழுத்துகள் சேர்ந்தன. முகம் தெரியாத கணக்கில் பூஜ்யம் போடுவது போன்றதன்று அது. படிவத்தில் சொந்த விவரங்களை நிரப்ப வேண்டியிருந்தது. நமக்கு அந்த மனுவில் கையெழுத்திட உரிமை இருக்கவில்லை. ஆனாலும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? என் தம்பிக்குத் தெரியாது. அவனுக்கு விமர்சனம் எழுதத்தான் தெரிந்தது.

எதற்குக் கோபம் வருவதில்லை?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யூபிசாஃப்ட் சிங்கப்பூர்க் கூடம் தலைமையேற்று உருவாக்கிய கடற்கொள்ளையர் விளையாட்டு 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. 2017ல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி அதை 'நான்கு ஏ' தர விளையாட்டு என்று புகழ்ந்தார். ரசிகர்கள் அந்த ஒரு சொல்லைப் பல வாரங்கள் கிண்டலடித்தார்கள்.

அதே கூடத்தில் பாலியல் தொல்லை, சம்பளப் பாகுபாடு ஆகியவை நிலவுவதாக 2021ல் ஊடகச் செய்தி வந்தது. நியாயமான, முற்போக்கான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி விசாரித்தது. புகார்களை நிறுவனம் முறையாகக் கையாண்டதாகக் கூறி 2022 ஜனவரியில் விசாரணையை முடித்துக்கொண்டது. முடிவு எதுவாக இருந்தாலும், இங்கேயே நம்மைப் போன்றவர்கள் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிய செய்தி அது. நாளை நம்மில் சிலர் வேலைக்கு விண்ணப்பிக்கப்போகும் துறையும்கூட. என் தம்பியும் அவன் நண்பர்களும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. 'நான்கு ஏ' நகைச்சுவை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

உலகெங்கும் விளையாட்டுத் துறையில் 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் 20,000க்கும் அதிகமானோர் வேலை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது.

தம்பியின் கதைக்கு வருகிறேன். சோனி பின்வாங்கியது திங்கட்கிழமை. அன்று மாலை அவன் வீட்டில் ராஜா. மணிலாக்காரனோடு இரவு இரண்டு மணிவரை விளையாடினான். மறுநாள் மே 7ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுக் கூடங்கள் சிலவற்றை மூடுவதாக அறிவித்தது. தோக்கியோவின் 'டாங்கோ கேம்வொர்க்ஸ்' அவற்றுள் ஒன்று. அதன் 'ஹை-ஃபை ரஷ்' அதற்கு முந்தைய டிசம்பரில்தான் விருது வாங்கியிருந்தது. தம்பி அதை இரண்டு முறை முடித்தவன்.

அன்றிரவும் ஸ்டீம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தன. எதுவும் எழுதவில்லை. அந்த விளையாட்டில் குறையொன்றும் இல்லை. திரும்பக் கேட்கப் பணமும் இல்லை. கெட்ட விமர்சனம் எழுதினால் அதை உருவாக்கியவர்கள் பெயர்தான் கெடும்.

சில மாதங்கள் கழித்துத் தென்கொரியாவின் 'கிராஃப்டன்' நிறுவனம் டாங்கோவை எடுத்துக்கொண்டது என்பது அன்று அவனுக்குத் தெரியாது.

"இதுக்கு எங்கக்கா எழுதுறது?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. சாப்பிட வரச் சொன்னேன். அன்று முதல் முறை கூப்பிட்டதுமே வந்துவிட்டான்.