மூச்சுக் குழலில் மூளும் நெருப்பு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வட்டாரங்களில் இருமல் ஒலிக்காத வீடு அரிது. மூக்கொழுகலோடு தொடங்கும் சளி, இரண்டொரு நாளில் நெஞ்சுக்கு இறங்கிச் சில குழந்தைகளுக்கு இரைப்பாக மாறுகின்றது. கிருமியே மூச்சை அடைப்பதாக நாம் எண்ணுகிறோம். ஆயின், மூச்சைத் திணறடிப்பதில் பெரும்பங்கு, அக்கிருமியை விரட்டப் புறப்பட்ட நம் உடலின் காவற்படைக்கே உண்டு என்கிறது மருத்துவ இயல்.

மூச்சுக் குழலின் உட்புறம் மெல்லிய தோலால் போர்த்தப்பட்டுள்ளது. வைரஸ் அதன் செல்களுக்குள் நுழைந்ததும், அச்செல்கள் ‘இன்டர்ஃபெரான்’ முதலிய இரசாயனத் தூதுகளை அனுப்பி அண்டைச் செல்களை எச்சரிக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகின்றது, வெள்ளணுக்கள் விரைந்து வந்து குவிகின்றன, சளி பெருகுகின்றது. இதுவே அழற்சி. கிருமியை ஒழிக்க இது தேவையே. எனினும் அளவு மீறினால் குழலின் சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசையும் இறுகி, பாதை குறுகிவிடும். காற்றுப் பாதையின் அகலம் பாதியானால், சீரான ஓட்டத்தில் காற்றுக்கு எழும் தடை 16 மடங்காகும். குழந்தையின் குழலோ இயல்பிலேயே சிறியது. பெரியவருக்கு வெறும் இருமலாக முடியும் சளி, சிசுவுக்கு உயிர்ப்போராட்டம் ஆவது இதனாற்றான்.

ஆஸ்துமா உள்ளோருக்கு அந்தக் குழலில் அழற்சி முன்னரே கனன்று கொண்டிருக்கும். சாதாரணச் சளியே அதை மூட்டிவிடும். இதற்கு மேல் புகையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? 250 ஏக்கருக்கும் மேல் பரந்துள்ள கொடுங்கையூர்க் குப்பைமேடு தீப்பற்றும் நாட்களில் எழும் புகையும், மணலி, எண்ணூர்த் தொழிற்பகுதிகளின் மாசும், குழலின் தோலைப் புண்படுத்தி, வைரஸின் வேலையை எளிதாக்குகின்றன. குப்பைமேட்டின் புகையை நாம் தனியே தடுத்துவிட இயலாது. ஆனால் தலை குளிப்பாட்டிய குழந்தைக்கு நாமே காட்டும் சாம்பிராணிப் புகையை நிறுத்தலாம் அல்லவா?

காவலே கேடாகும் என்பதை உலகம் கொரோனாக் காலத்தில் கண்கூடாகக் கண்டது. 2020 ஜூனில் வெளியான பிரிட்டனின் ஆய்வு முடிவின்படி, அழற்சியை அடக்கும் ‘டெக்ஸாமெதாசோன்’ எனும் மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பயன் கிட்டவில்லை. எனவே, இத்தகைய மருந்துகளைக் கடையில் தாமாக வாங்கி விழுங்குவது தகாது. வைரஸ் சளிக்கு ஆன்ட்டிபயாடிக் மாத்திரை கேட்டுப் பெறுவதும் வீண். அவை பாக்டீரியாவையே கொல்லும்.

இன்ஹேலரைப் பற்றி நம் இல்லங்களில் நிலவும் அச்சம் வேதனைக்குரியது. “பழகிவிடும்” என்று சிலர் தவிர்க்கின்றனர். பெண்பிள்ளையெனில் திருமணப் பேச்சுக்கு அஞ்சி மறைக்கின்றனர். உண்மையில், தடுப்பு இன்ஹேலர் மிகக் குறைந்த அளவு மருந்தை நேராக மூச்சுக் குழலில் சேர்த்து, அழற்சியைத் தணிக்கின்றது. இரைப்பு நின்றதும் அதைத் தாமே நிறுத்திவிடுவதால், அடுத்த சளியில் நெருப்பு மீண்டும் மூளுகின்றது.

குழந்தையின் விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை நிமிடத்திற்கு 40 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இரவும் பகலும் திறந்தே உள்ளது.

தும்மும்போது முகத்தை மூடிக்கொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறும் அவர்கள் ஏவினார்கள். நம் பிள்ளைகளின் மூச்சு, இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிறர் பேச்சுக்கு அஞ்சி அதனைப் பணயம் வைக்கும் உரிமை நமக்கில்லை.