உங்களுக்குத் தெரியுமா? குதிரையைத் தின்ற கோட்டை

● வட அமெரிக்காவில், செரோக்கி மக்களின் நிலத்தில், லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் 1756-57இல் லவுடன் கோட்டையைக் கட்டினார்கள். அதன் 12 பீரங்கிகளும் குதிரைகளின் முதுகில் மலை தாண்டி வந்தவை.

● இரு தரப்புக்கும் பகை வளர்ந்தபோது, 1759இல் சமாதானம் பேச சார்ல்ஸ்டன் சென்ற செரோக்கியரை ஆங்கிலேயக் குடியேற்றமான தெற்கு கரோலினாவின் ஆளுநர் லிட்டில்டன் பிணைக்கைதிகளாக்கினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர்களை ஆங்கிலேயச் சிப்பாய்கள் கொன்றார்கள். முழு அளவிலான போர் மூண்டது.

● செரோக்கியரின் முற்றுகையில் சிக்கிய லவுடன் கோட்டைக்கு உதவிப் படை வந்துசேரவில்லை. சிப்பாய்கள் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள்.

● அந்தச் சிப்பாய்களை மணந்திருந்த செரோக்கிப் பெண்கள் முற்றுகையை மீறி உணவு கொண்டுபோனார்கள். செரோக்கித் தலைவர் வில்லினாவா மிரட்டியபோது, ‘எங்களைக் கொன்றால் எங்கள் உறவினர் பழி வாங்குவார்கள்’ என்று துணிந்து பதில் சொன்னார்கள்.

● 1760 ஆகஸ்டில் கோட்டை சரணடைந்தது. பீரங்கிகளையும் மிச்ச வெடிமருந்தையும் ஒப்படைக்க வேண்டும் என்பது உடன்பாடு. ஆனால் சிப்பாய்கள் வெடிமருந்தைப் புதைத்து வைத்திருந்தது அம்பலமானது. வெளியேறிய படையைச் செரோக்கியர் மறுநாளே தாக்கினார்கள். கோட்டைத் தளபதி பால் டெமெரே கொல்லப்பட்டார்.

● 1761 நவம்பரில் இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவுடன் செரோக்கியருக்குச் சமாதானம் ஏற்பட்டது. 1762இல் செரோக்கித் தலைவர் ஆஸ்டெனாகோ லண்டன் சென்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார்.