எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

உயர்தர வகுப்பில் செயற்றிட்ட அறிக்கை எழுதும்போது இறுதியில் உசாத்துணை நூல்களைக் குறிப்பிடுகிறோம். விஞ்ஞானிகளும் அவ்வாறே தமக்கு முன்னர் வெளிவந்த கட்டுரைகளைத் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டுவர். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை தடவை எடுத்துக்காட்டினர் என்று எண்ணி ஆராய்வதே மேற்கோள் பகுப்பாய்வு எனப்படும். இதற்கு உதவும் சுட்டி ஒன்றை 1955 இல் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் முன்மொழிந்தார். 1964 இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று ஆய்வாளர்களின் பதவி உயர்வும் ஆய்வுக்கான நிதியும் தீர்மானிக்கப்படும்போது இந்த எண்ணிக்கை பார்க்கப்படுகிறது. அப்படியாயின், அதிகம் எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வு சரியான ஆய்வு எனக் கொள்ளலாமா? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

மனித டி.என்.ஏ.யில் புரதம் ஆக்குவதற்கான குறியீட்டைக் கொண்ட பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏனைய பகுதிகள் பலவற்றிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது. அவற்றுள் 200 நியூக்கிளியோரைட்டுகளுக்கு மேல் நீளமானவையும் புரதம் ஆக்காதவையும் 'நீண்ட குறியிடா ஆர்.என்.ஏ.' எனப்படும். இவை பயனற்றவை அல்ல. பெண்ணின் கலங்களில் உள்ள இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றைச் செயலிழக்கச் செய்யும் 'சிஸ்ட்' இவ்வகையானதே. இது 1991 இல் அறியப்பட்டது.

இன்னொன்று 'மலாட்-1'. 2003 இல் ஜேர்மனிய ஆய்வாளர் குழு ஒன்று ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தது. பின்னர் உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிய கட்டிகளில் மலாட்-1 கூடுதலாகக் காணப்பட்டது. இக்கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2012 இல் மலாட்-1 நீக்கப்பட்ட சுண்டெலிகள் வழமை போலவே வளர்ந்தன. 2016 இல் மார்பகப் புற்றுநோயுள்ள சுண்டெலிகளில் மலாட்-1 ஐக் குறைத்தபோது நோய் பரவுவது குறைந்தது. 2018 இல் வெளியான வேறோர் ஆய்வோ மலாட்-1 இல்லாத சுண்டெலிகளில் நோய் கூடுதலாகப் பரவியது என்றது. இரண்டும் எதிரெதிரான முடிவுகள்!

இனிக் கணக்கைப் பாருங்கள். முதற் கட்டுரையை ஆதரித்து எடுத்துக்காட்டினாலும் ஒன்று. மறுத்து எடுத்துக்காட்டினாலும் ஒன்று. முன்னுரையில் வெறுமனே பெயர் குறிப்பிட்டாலும் ஒன்றுதான். எண்ணிக்கைக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய கட்டுரைக்கு மேற்கோள் சேரக் கூடுதல் காலம் கிடைக்கிறது. பலர் ஈடுபடும் புற்றுநோய்த் துறையில் எண்ணிக்கை விரைவாக ஏறுகிறது. பிறரின் முடிவுகளைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகள் புதிய கண்டுபிடிப்பைக் கூறும் கட்டுரைகளை விட அதிகம் எடுத்துக்காட்டப்படுவதும் உண்டு.

எனினும் மேற்கோள் பகுப்பாய்வு வீணானதன்று. ஒரு துறையில் எந்தக் கேள்வி பலரைச் சிந்திக்க வைத்தது, அக்கேள்வி எங்கிருந்து தொடங்கியது என்பதை அது காட்டும். விடை சரியா என்பதை அறிய, எடுத்துக்காட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்று வாசிக்கத்தான் வேண்டும்.

வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, "ஆயிரம் ஆய்வுகளில் குறிப்பிடப்பட்டது" என்று வரும் செய்தி பெற்றோருக்குப் பெரும் நம்பிக்கையைத் தரலாம். அவ்வேளை விஞ்ஞானம் கற்கும் மகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "அந்த ஆயிரமும் அதைப் பற்றி என்ன கூறின?"