கனத்துப்போன சுக்கான்: புல்மோட்டைக் கரையில் படகுப் பலகைக்குள் தேங்கும் நீர்

சுக்கானைக் கழற்றித் தூக்கிப் பாருங்கள். போன வருடம் ஒரு கையால் தூக்கியதற்கு இந்த வருடம் இரண்டு கை தேவைப்பட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே வெள்ளைப் பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே பலகை சோறு போலக் குழைந்திருக்கும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்புக்கு அருகில் இருக்கும் புல்மோட்டையை நம்மில் பலர் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். 2009இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்கள் இங்கு இறக்கப்பட்டார்கள். இந்திய மருத்துவக் குழுவின் கள மருத்துவமனையும் இங்கேதான் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊருக்குக் கடல்தான் சோறு. 1984இல் விரட்டப்பட்டு, போருக்குப் பின் கொக்கிளாய்ப் பக்கம் திரும்பிய குடும்பங்களுக்கும் அதுவே.

இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகுகள். சுக்கானும் பாயும் அருகிவிட்டன. ஆனால் 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியபோது, காற்றை நம்பிய காலத்தைக் கரையோரத்தில் பேசாதவர்கள் குறைவு. இயந்திர வலுவுக்கும் எரிபொருளுக்கும் தடை இருந்த போர்க்காலத்தை அறிந்தவர்களுக்கு அது புதிய பேச்சும் அல்ல.

பழைய மரச் சுக்கானில் இந்த நோய் வேறுவிதம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போன அன்னபூரணி போன்ற கப்பல்களில் மரம் வெளியே தெரிந்தது. நனைந்தால் ஊறும், காய்ந்தால் சுருங்கும், உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். இன்றைய சுக்கான் ஒட்டுப்பலகையை நடுவில் வைத்து இருபுறமும் பைபர் போர்த்தியது. ஆணித்துளையாலோ கீழ் விளிம்பின் கீறலாலோ புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. படகை மணலில் இழுத்தேற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பு தேய்கிறது. பைபர் படகின் பின்பலகையும் பெரும்பாலும் இதே கட்டுமானம்தான். சுனாமிக்குப் பின் அவசரமாக வார்த்துக் கொடுக்கப்பட்ட படகுகளின் தரம் பற்றி ஐ.நா. உணவு விவசாய அமைப்பே எச்சரித்தது. சுக்கான் முறிந்தால் துடுப்பை வைத்தாவது கரைசேரலாம். பின்பலகை உளுத்து இயந்திரம் கழன்று விழுந்தால் ஒரு குடும்பத்தின் முதலே கடலுக்குள் போகும். ஆகவே கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் நாணயத்தால் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஒட்டு விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தின் கீழ் விளிம்பில் ஆறு மில்லிமீற்றர் துளை இரண்டு மூன்று போட்டு நிமிர்த்தி வையுங்கள். மண்ணிறத் தண்ணீர் வடிந்தால் பலகை அழுகுகிறது.

வடிந்ததும் வெயிலில் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. உள்ளே உப்பு இருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாரியில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல தண்ணீரைத் துளைவழியே பல தடவை ஊற்றிக் கழுவிய பிறகே காயவிட வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும்.

பலகை குழைந்திருந்தால் திறக்காமல் முடியாது. ஒரு பக்கப் பைபரை மட்டும், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, கிரைண்டரால் வெட்டி எடுங்கள். மறுபக்கத்தைத் தொடாதீர்கள், அதுதான் அச்சு. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் இறங்கும் மரம் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். புதிதாக வைப்பது நீர்தாங்கும் பசையால் ஒட்டிய பலகையாக இருக்கட்டும். அதன் வெட்டுமுகங்கள்தான் அதிகம் நீர் குடிக்கும், ஆகவே ஒட்டுமுன் அவற்றுக்கு ரெசின் ஊட்டுங்கள். ஒட்டியபின் சமதரையில் கிடத்தி மணல்மூட்டை ஏற்றுங்கள். முறுகிய சுக்கான் படகை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும்.

கடைகளில் எளிதில் கிடைப்பது பொலியெஸ்ரர் ரெசின். மரத்தில் எபொக்சியே உறுதியாகப் பிடிக்கும், ஆனால் விலை கூட. என் கணக்கில், பலகையை ஒட்டவும் ஆணித்துளைக்கும் மட்டுமாவது எபொக்சி வாங்குவது வீண்செலவல்ல. எபொக்சிக்கு நெய்த பைபர் துணியே ஏற்றது. சாதாரண மேட்டின் பிணைப்புப் பொடி பொலியெஸ்ரரில் கரையும், எபொக்சியில் சரியாகக் கரையாது. வெட்டிய தோலை மீள ஒட்டும்போது மூட்டின் இருபுறமும் தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக அரைத்து, துணி போர்த்துங்கள். மூன்று மில்லிமீற்றர் தோலுக்கு இது 36 மில்லிமீற்றர்.

ஆணித்துளையைப் பெரிதாகத் துளைத்து, தடிப்பாக்கிய எபொக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். ஆணி மரத்தைத் தொடவே கூடாது. பாதிக்கு மேற்பட்ட நோய் இந்த ஒரு வேலையோடு நின்றுவிடும்.

பொலியெஸ்ரர் வேலையில் ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடுங்கள்.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. வாடைக்காற்றில் தொழில் இல்லை, படகு சும்மா கிடக்கும். ஆனால் அந்த மழை ஈரத்தில் பலகையும் காயாது, ரெசினும் சரியாக இறுகாது. வெயில் எறிக்கும் மாதங்களில் கடலும் அமைதி, ஒருநாள் நிறுத்தினாலும் அடுப்பு கேட்கும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். செப்ரெம்பர் முடிவில் கழற்றித் துளைத்துக் கழுவி, கூரைக்குள், அடுப்படிக்குத் தூரமாகத் தொங்கவிடுங்கள். பெப்ரவரியில் மழை விட்டதும் திறந்து ஒட்டுங்கள்.

முடிந்ததும் மீன் தராசில் நிறுத்து, ஓர் இரவு களப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, துடைத்து மறுபடி நிறுங்கள். கூடினால் எங்கோ வழி இருக்கிறது, கண்டுபிடித்து அடைக்க வேண்டும். கூடாவிட்டால் அந்த எடையைச் சுக்கானின் தலைப்பில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அது வேண்டும்.