மறுதலித்தவர்கள் திரும்பி வந்தபோது

தந்தையின் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய ஊதாரி மைந்தன் உவமையைக் கேட்டு உருகுவது எளிது. அதன்படி நடக்கத் திருச்சபை எவ்வளவு பாடுபட்டது என்பதை மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் காட்டுகிறது. பேரரசின் மக்கள் எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்று பெற வேண்டும் என்று பேரரசர் டேசியஸ் ஆணையிட்டிருந்தார். கி.பி. 250இல் எழுதப்பட்ட அத்தகைய பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்துள்ளன. அவற்றில் ஒன்று 72 வயது முதியவருடையது. வலப்புருவத் தழும்பு அவருக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டு, படையலையும் உண்டதாக அவர் உறுதிகூறுகிறார். கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் பலர் கைதாகும் முன்பே பலிபீடத்துக்கு ஓடினார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள்.

கொடுமை தணிந்ததும் அவர்களே அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். சேர்ப்பதா, தள்ளுவதா? ரோமில் நொவாசியன் என்ற குரு, இவர்களைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிட வேண்டும், சபை மன்னிக்க முடியாது என்றார். இதைக் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. உயிரைக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவனுக்கும் ஒரு கைப்பிடித் தூபத்தோடு அதை விட்டவனுக்கும் ஒரே பந்தியா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சித்திரவதையைத் தாங்கிச் சிறையில் கிடந்தவர்களே, விழுந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள். யாருக்காக நாம் நியாயம் கேட்கிறோமோ அவர்களே இரக்கம் கேட்டார்கள்! மும்முறை மறுதலித்த பேதுருவிடம்தான் ஆட்டு மந்தை ஒப்படைக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அந்தக் கடிதங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. ‘இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியவற்றை அவர் கண்டித்தார். 251இல் கூடிய ஆயர் மன்றம் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கச் சொன்னது. சீட்டு மட்டும் வாங்கியவர்களைத் தவத்துக்குப் பின் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும், மரணத் தறுவாயில் அவர்களுக்கு ஒப்புரவு உண்டு. குற்றத்தைக் குற்றம் என்றே சொல்லிவிட்டு வழியையும் திறந்துவைத்த தீர்ப்பு இது.

மன்னிப்பு எளிதானால் மறுபடியும் விழமாட்டார்களா என்பது இன்றும் கேட்கப்படும் கேள்வி. அடுத்த கொடுமை நெருங்குவதாகத் தோன்றியபோது ஆயர்கள் இதற்கு நேர்மாறாக யோசித்தார்கள். போராட்டத்துக்குப் போகிறவர்களை நற்கருணை இல்லாமல் நிராயுதபாணிகளாக அனுப்பக்கூடாது என்று, தவத்தில் நிலைத்திருந்த எல்லோரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். தேறியவனுக்குத் தரும் பரிசாக அல்ல, தேறுவதற்கான பலமாகவே இரக்கத்தைக் கண்டார்கள். இந்த இடம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. அப்படித் தீர்ப்பளித்த சிப்ரியான் மென்மையான காலத்து மனிதரும் அல்லர். 258இல் அவரே தலை வெட்டுண்டு மறைசாட்சியானார்.

நொவாசியனைப் பின்பற்றியவர்கள் தங்களைத் தூயவர்கள் என்று அழைத்துக்கொண்டு தனிச்சபையாகவே நீடித்தார்கள். 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அவர்களுக்கும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் கொடுமைக் காலத்தில் விழுந்து எழுந்தவர்களோடு உறவுகொள்வோம் என்று அவர்கள் முதலில் எழுதித்தர வேண்டும் என்றது.