பில் டில்மன்

பில் டில்மன் (ஜூலை 4, 1854 – நவம்பர் 1, 1924) ஐக்கிய அமெரிக்காவின் ஓக்லஹோமாப் பகுதியில் பணியாற்றிய புகழ்பெற்ற காவல் அதிகாரி ஆவார். இவரது முழுப்பெயர் வில்லியம் மேத்யூ டில்மன். குரோம்வெல் நகரில் கள்ளச்சாராயத்தை ஒடுக்கும் பணியில் இருந்தபோது தமது 70ஆவது அகவையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவரைச் சுட்டவர், மதுவிலக்குச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பிலிருந்த கூட்டரசு அலுவலர் ஒருவரே ஆவார்.

வாழ்க்கை

டில்மன் ஐயோவா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் காட்டெருமை வேட்டையில் ஈடுபட்டார். 1884இல் கன்சாசு மாநிலத்தின் டாட்ஜ் நகரக் காவல் தலைவரானார். 1889இல் ஓக்லஹோமாவில் நிலங்கள் குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டபோது அங்கு சென்று, பின்னர் கூட்டரசின் துணை மார்ஷலாகப் பணியேற்றார். இவரும் கிறிஸ் மேட்சன், ஹெக் தாமஸ் ஆகியோரும் "மூன்று காவலர்கள்" என அழைக்கப்பட்டனர். 1896 ஜனவரியில் கொள்ளைக் கூட்டத் தலைவன் பில் டூலினை டில்மன் கைது செய்தார். பிற்காலத்தில் மாநில மேலவை உறுப்பினராகவும், ஓக்லஹோமா நகரக் காவல்துறைத் தலைவராகவும் இருந்தார்.

மதுவிலக்கும் குரோம்வெல்லும்

ஓக்லஹோமா 1907இல் மாநிலமானது முதலே அங்கு மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவின் உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து ஆகியன தடை செய்யப்பட்டன. எனினும் மதுவுக்கான தேவை குறையாததால் கள்ள விற்பனையில் இலாபம் பெருகியது. அதில் ஒரு பங்கு அதிகாரிகளுக்குக் கையூட்டாகச் சென்றது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதால் திடீரென வளர்ந்த குரோம்வெல்லில் சாராயமும் சூதாட்டமும் மலிந்தன. ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக 1924இல் டில்மன் அந்நகரின் மார்ஷலாக அமர்த்தப்பட்டார்.

கொலை

குரோம்வெல் பகுதியின் மதுவிலக்கு அலுவலரான வைலி லின், சட்ட விரோதக் கும்பல்களுக்கு உடந்தையாக இருந்தார் என டில்மன் ஐயுற்றார். நவம்பர் 1 இரவு, குடிபோதையில் இருந்த லின் தெருவில் துப்பாக்கியால் சுட்டார். அவரை அடக்க முயன்ற டில்மன், கைகலப்பின்போது லின்னால் சுடப்பட்டு உயிரிழந்தார்.

பின்விளைவுகள்

டில்மனின் உடல் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டிடத்தில் பொதுமக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, சாண்ட்லர் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. லின் மீதான கொலை வழக்கில் அவர் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 1932இல் மாநிலக் காவல் அலுவலர் ஒருவருடன் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் அவ்வலுவலரும் லின்னும் இறந்தனர். நாடளாவிய மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டது. ஓக்லஹோமாவிலோ 1959 வரை நீடித்தது.