சிற்றூர்த் தேர்தலும் பேசும் இயந்திரமும்



கண்பார்வையற்ற ஒருவர் வாக்களிக்கும் முறை நெடுங்காலமாக ஒன்றாகவே இருந்து வந்தது. அவர் தம் விருப்பத்தை வாயாற் சொல்ல, வேறொருவர் வாக்குச் சீட்டில் அடையாளமிடுவார். இரகசிய வாக்கு என்று சட்டம் கூறுவது அவரைப் பொறுத்தவரை இருவர் அறிந்த இரகசியமாகிவிடும். பெருநகரில் அவ்விருவரும் மறுமுறை சந்திக்காமலே போகலாம். சில நூறு பேர் வாழும் சிற்றூரிலோ உதவிக்கு வருபவர் அயல் வீட்டுக்காரராயிருப்பார். அபேட்சகர் அவருடைய மைத்துனராகவும் இருக்கக்கூடும். தேர்தல் சிறிதாகச் சிறிதாக இரகசியத்தின் தேவை பெரிதாகின்றது. அதைக் காக்கும் கருவியின் செலவும் அங்கேதான் தலைக்கு மிகுதியாக விழுகின்றது. சங்கடம் இதுவே.

ஐக்கிய அமெரிக்காவில் இச்சங்கடம் தெளிவாகத் தெரிகின்றது. 2000 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் நேர்ந்த குழப்பத்தின் பின், 2002 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் தேர்தற் சீர்திருத்தச் சட்டமொன்றை இயற்றிற்று. 2006 முதல் ஒவ்வொரு வாக்குச் சாவடியிலும் அங்கவீனர் தனித்தும் இரகசியமாகவும் வாக்களிக்கத்தக்க கருவி ஒன்றாயினும் இருத்தல் வேண்டும் என்றது. சட்டத்தின் செலவுகளுக்கென 386 கோடி டொலர் வரை வழங்க அனுமதியும் அளித்தது.

கருவி எத்தகையது? வாக்காளர் காதில் ஒலிபன்னியை மாட்டிக்கொள்கிறார். பெயர்கள் ஒவ்வொன்றாகக் காதில் ஒலிக்கின்றன. தடவி அறியக்கூடிய பொத்தான்களை அழுத்தித் தெரிவு செய்கிறார். கைகளை அசைக்க இயலாதவர் ஒரு குழாயில் ஊதியும் உறிஞ்சியும் அதையே செய்யலாம். பின் இயந்திரம் கடதாசியில் அடையாளமிட்டுக் கொடுக்கின்றது.

ஆனால் 2002 ஆம் ஆண்டுச் சட்டம் சமஷ்டிப் பதவிகளுக்கான தேர்தல்களையே கட்டுப்படுத்துகின்றது. ஊர்ச்சபைக்கோ பாடசாலைச் சபைக்கோ தனி நாளில் நடக்கும் தேர்தல் அதனுள் அடங்காது. அங்கே வழிகாட்டுவது அங்கவீனர் உரிமைக்கான 1990 ஆம் ஆண்டுச் சட்டமாகும். அது எல்லா உள்ளூர் ஆட்சிகளையும் பிணிக்கின்றது. இன்ன இயந்திரம் வேண்டுமென்று மாத்திரம் சொல்வதில்லை. செலவு தாங்கவொண்ணாச் சுமை என்று வாதிக்கவும் அதில் இடமுண்டு. ஆயின் நிறுவனத்தின் சகல வளங்களையும் கணக்கிட்டு, காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

செலவென்றதும் பலரும் இயந்திரத்தின் விலையையே நினைக்கிறார்கள். அது சில ஆயிரம் டொலர். பல ஆண்டு உழைக்கும். சிற்றூரை வருத்துவது ஒவ்வொரு தேர்தலிலும் திரும்பி வருஞ் செலவு. அபேட்சகர் பெயர்களை இயந்திரத்துக்கு ஏற்றவேண்டும், ஒலிவடிவில் அமைக்கவேண்டும், சோதித்துப் பார்க்கவேண்டும், ஆண்டுக்கொருமுறை அதைத் தொடும் அலுவலருக்குப் பயிற்சி தரவேண்டும். வாக்காளர் இருநூறு பேரானாலும் இருபதாயிரம் பேரானாலும் இவ்வேலை பெரிதும் குறையாது. அதனாலேதான், "சென்ற முறை ஒருவரும் இதைப் பயன்படுத்தவில்லையே!" என்ற முறைப்பாடு எழுகின்றது. இது எனக்கு நேர்மையான கணக்காகத் தோன்றவில்லை. பிறர் அறிய வாக்களிக்க விரும்பாது முன்னரே வீட்டில் தங்கிவிட்டவரை அது எண்ணுவதில்லை.

விஸ்கொன்சின் மாநிலத்துத் தோர்னப்பிள் என்னும் சிற்றூர், ஆயிரம் பேருக்கும் குறைந்த குடிகளை உடையது. அவ்வூர்ச் சபை மின்னியந்திரங்களை விலக்கி, கையால் அடையாளமிட்டுக் கையால் எண்ணும் முறைக்குத் திரும்பிற்று. 2024 ஏப்ரலில் நடந்த ஜனாதிபதி முதனிலைத் தேர்தலில் அங்கவீனருக்கான கருவி அங்கே இல்லை. நீதித் திணைக்களம் வழக்கிட்டது. கடதாசிச் சீட்டு மட்டும் வழங்கும் ஊருக்குச் சட்டம் பொருந்தாதென்ற வாதத்தை ஏற்காத நீதிமன்றம், நவம்பர்த் தேர்தலிற் கருவி இருக்கவேண்டுமென்று ஒக்டோபரிற் கட்டளையிட்டது. அவ்வூரார் கூறிய காரணம் பணமன்று, இயந்திரத்தின்மீதிருந்த அவநம்பிக்கையே. எனினும் தீர்ப்பின் பொருள் பணத்துக்கும் உரியது: கடதாசி மலிவாயினும் அதனால் மட்டும் கடமை தீராது.

சுமையைக் குறைக்க வழிகள் உள. மாவட்ட நிர்வாகமே கருவிகளை வாங்கிப் பராமரித்து ஊர்களுக்கு இரவல் தரலாம். ஒரே அலுவலர் பல ஊர்ச் சீட்டுகளையும் ஏற்றித் தரலாம். சிறு தேர்தல்களைப் பெருந் தேர்தல் நாளோடு சேர்த்தால் ஆயத்தச் செலவு ஒருமுறையோடு நிற்கும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது இன்னொன்றுண்டு. சில இயந்திரங்கள் அச்சிடும் சீட்டு மற்றையோர் சீட்டைப் போலிராது; ஒடுங்கிய துண்டாயிருக்கும். ஊரில் ஒருவரே அதைப் பயன்படுத்தினால், எண்ணும் மேசையில் அத்துண்டு யாருடையதென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பணமும் செலவாகி இரகசியமும் போய்விடும். எல்லோரும் பெறும் அதே சீட்டில் அடையாளமிடும் இயந்திரமும் உண்டு. அது கிடைக்காவிடத்து, பார்வையுள்ளோர் சிலரும் விரும்பி அதே கருவியில் வாக்களிக்குமாறு அலுவலர் அழைக்கலாம். பத்துத் துண்டுகள் பெட்டியில் விழுந்தால் ஒருவருடைய துண்டு அவற்றுள் மறைந்துவிடும். இதற்குக் காசு எதுவும் வேண்டுவதில்லை.